பிள்ளை கேட்க வேண்டும், பெரியவர் சொல்ல வேண்டும்

சமயங்களை அறிவோம்



யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே பழைய வேதத்தைப் போற்றுகிறார்கள். ஆனால் சமயம் இரண்டு. இது எப்படி நேர்ந்தது? இயேசுநாதர் யூதரா, கிறிஸ்தவரா? இத்தகைய ஐயங்கள் பலருக்கும் எழுவது இயல்பே. கிறிஸ்தவ அன்பர்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மோடு கூடி வாழ்கிறவர்கள். யூதர்களையோ நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் அவர்கள் இந்த வட்டாரத்துக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878ஆம் ஆண்டில் எழுந்த அவர்களுடைய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. 1955ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக வந்த டேவிட் மார்ஷல் ஒரு யூதர். பினாங்கிலும் அவர்களுடைய பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது.

இரு சமயங்களின் வரலாறு முழுவதையும் ஓர் இதழில் சொல்லி முடிக்க இயலாது. இன்றைய நாட்டு அரசியலும் நம் பேச்சு அன்று. ஆகவே, ஆண்டுக்கொரு முறை யூதர் வீட்டில் நடக்கும் ஓர் இராச்சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பந்தியில் என்ன பரிமாறுகிறார்கள், யார் உட்காருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். யூத சமயத்தின் உயிர்நாடி எது என்பதும், கிறிஸ்தவ சமயம் எங்கிருந்து புறப்பட்டது என்பதும் தாமே விளங்கிவிடும்.

செங்கல் கணக்கு

யூதர்களின் அடிப்படை நம்பிக்கையைச் சில சொற்களில் சொல்லிவிடலாம். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை, அவரைச் சிலையாகச் செய்து வணங்கலாகாது. அந்தக் கடவுள் ஆபிரகாம் என்ற முன்னோரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவருடைய வழிவந்தவர்கள் அந்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களுடைய வேதத்தின் முதல் ஐந்து நூல்களுக்குத் தோரா என்று பெயர். கிறிஸ்தவர்களின் பைபிளிலும் அந்த ஐந்து நூல்களே முதலில் வருகின்றன.

அந்த ஐந்தில் இரண்டாவது நூல் அடிமைகளின் கதையோடு தொடங்குகிறது. பஞ்சம் பிழைக்க எகிப்து நாட்டுக்குப் போன ஆபிரகாமின் சந்ததியார் அங்கே பல்கிப் பெருகினார்கள். அதைக் கண்டு அஞ்சிய அரசன் பார்வோன், அவர்களை அடிமைகளாக்கிச் செங்கல் அறுக்கவும் நகரங்களைக் கட்டவும் ஏவினான். அவர்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிட்டான். சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவச்சிகள் கடவுளுக்கு அஞ்சி, அரசன் கட்டளையை மீறிக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நூல் அந்தப் பார்வோன் எந்தப் பார்வோன் என்று பெயர் சொல்லவே இல்லை. அடிமைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த இரண்டு மருத்துவச்சிகளின் பெயரைத்தான் சொல்கிறது.

அந்த அடிமைகளுக்குத் தலைவராக எழுந்தவர் மோசே. மூன்று நாள் வழிநடந்து போய்த் தங்கள் கடவுளை வணங்கிவர அனுமதி வேண்டும் என்று அவர் அரசனிடம் கேட்டார். அரசனோ சோம்பேறிகள் என்று ஏசினான். செங்கல் மண்ணோடு சேர்க்கும் வைக்கோலை அதுவரை அரசாங்கமே கொடுத்து வந்தது. இனி அதையும் அவர்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும், ஆனால் நாள் ஒன்றுக்குக் கொடுக்கும் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. கணக்குக் குறைந்தது. அடிமைகளின் இனத்திலிருந்தே நியமிக்கப்பட்டிருந்த கங்காணிகளுக்கு அடி விழுந்தது. அவர்கள் அரசனிடம் போய் முறையிட்டும் பயன் இல்லை; திரும்பி வந்து மோசேயை நொந்துகொண்டார்கள். கேட்டதால்தானே இந்தத் தொல்லை வந்தது என்பது அவர்கள் வருத்தம். உரிமை கேட்கப் போனவரைச் சொந்த மக்களே குறை சொல்வது உலகில் புதிதன்று.

அதன்பின் எகிப்தைப் பத்து வாதைகள் தாக்கின என்கிறது வேதம். பத்தாவது வாதை வந்த இரவில் எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மாண்டார்கள். அடிமைகள் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் இரத்தத்தை வாசற்கால்களில் பூசியிருந்தார்கள். இரத்தம் பூசிய வீடுகளைச் சாவு தொடாமல் கடந்து போயிற்று. கடந்து போதல் என்ற இந்தப் பொருளிலேயே அந்த விழாவுக்கு எபிரேய மொழியில் பெசாக் என்று பெயர் வந்தது. அதையே நாம் பாஸ்கா என்கிறோம். அன்றிரவே அவர்கள் புறப்பட வேண்டியிருந்தது. பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரம் இல்லை. புளிக்காத மாவையே அப்பமாகச் சுட்டுக்கொண்டு நடந்தார்கள்.

இதெல்லாம் வரலாற்றில் அப்படியே நடந்ததா என்று கேட்டால், ஆய்வாளர்களிடையே பெருத்த கருத்து வேற்றுமை உண்டு. இவ்வளவு பெரிய கூட்டம் எகிப்திலிருந்து வெளியேறியதற்கு நேரடியான புதைபொருள் சான்று கிடைக்கவில்லை. ஏறத்தாழ கி.மு. 1208ஆம் ஆண்டில் மெர்னெப்தா என்ற பார்வோன் வெட்டுவித்த கல்வெட்டில் இஸ்ரேல் என்ற மக்களின் பெயர் முதன்முதலாக வருகிறது. அப்போது அவர்கள் கானான் நாட்டில் இருந்தார்கள். ஆனால் ஒன்றில் ஐயமில்லை. உலகில் பல இனத்தார் தங்கள் முன்னோரைத் தேவர் வழி என்றும் மன்னர் வழி என்றும் பாடி வைத்தார்கள். இவர்களோ, எங்கள் பாட்டன்மார் அடிமைகள் என்று வேதத்திலேயே எழுதி வைத்து, ஆண்டுதோறும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

நினைவு சட்டமாயிற்று

அடிமைப்பட்ட நினைவு அழுகையோடு நின்றுவிடவில்லை. அது சட்டமாயிற்று. வாரத்தில் ஏழாம் நாள் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அது தொடங்கும். சனிக்கிழமை இரவு முடியும். வீட்டுக்காரன் மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது. வேலைக்காரன், வேலைக்காரி, அயலான், மாடு, கழுதை எல்லாம் ஓய வேண்டும். ஏனென்றால் நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்று தோராவின் ஐந்தாம் நூல் காரணமும் சொல்கிறது.

நாட்கூலிக்காரனின் கூலியைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிட வேண்டும்; அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான். வயலை அறுக்கும்போது ஓரங்களை ஒட்ட அறுக்கக் கூடாது. அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. வேற்று ஊரிலிருந்து வந்து தங்கியவனை ஒடுக்கக் கூடாது. நீங்களும் அப்படி இருந்தவர்கள்தாம். இவையெல்லாம் தோராவில் உள்ள கட்டளைகள். அந்தக் காலத்துச் சட்டம் அடிமை முறையை அடியோடு ஒழித்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டம் செய்தவர்கள் பார்வோனின் இடத்தில் நின்று பார்க்காமல், செங்கல் சுமந்தவனின் இடத்தில் நின்று பார்த்தார்கள் என்பது தெளிவு.

எருசலேமில் ஒரு விருந்து

எருசலேம் நகரில் யூதர்களுக்கு ஒரே ஓர் ஆலயம் இருந்தது. முதல் ஆலயத்தைக் கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அழித்தார்கள். மீண்டும் எழுந்த ஆலயத்தைப் பின்னாளில் ஏரோது மன்னன் பெரிதாக விரித்துக் கட்டினான். பாஸ்கா வந்தால் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் திரள் திரளாக அங்கே போவார்கள். ஆட்டுக்குட்டியை ஆலயத்தில் பலியிட்டு, குடும்பமாகக் கூடி அந்த இரவில் உண்பார்கள்.

அப்படிப் போனவர்களுள் ஒருவர்தாம் கலிலேயா நாட்டுத் தச்சர் வீட்டுப் பிள்ளையான இயேசு. அவருடைய பெற்றோர் ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேம் போய் வந்தவர்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். இயேசு யூதராகப் பிறந்தார், யூதராக வளர்ந்தார், யூதராகவே இறந்தார். அவர் போதித்ததும் தோராவின் மண்ணில் விளைந்ததுதான். மாலையானதும் கூலியாட்களை அழைத்துக் கூலி கொடுக்கச் சொல்லும் தோட்டக்காரன் கதையை அவர் சொன்னபோது, கேட்டவர்களுக்கு அந்தப் பழைய கட்டளை நினைவுக்கு வந்திருக்கும்.

ஏறத்தாழ கி.பி. 30ஆம் ஆண்டில், ரோமாபுரியின் ஆளுநர் பொந்தியு பிலாத்து இயேசுவைச் சிலுவையில் அறைவித்தான். அதற்கு முந்திய இரவில் இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உணவு உண்டார். அது பாஸ்கா விருந்தே என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் சொல்கிறார்கள். யோவான் மட்டும், பாஸ்காவுக்கு முந்திய மாலை என்று கணக்கிடுகிறார். எவ்வாறாயினும் அது பாஸ்கா காலத்து உணவு. அந்தப் பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து இது என் உடல் என்றும், கிண்ணத்தைக் கொடுத்து இது என் இரத்தம் என்றும் இயேசு சொன்னதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். இன்று கிறிஸ்தவர் ஆலயங்களில் கொடுக்கப்படும் நற்கருணை, திருவிருந்து என்பன அதிலிருந்து வந்தவை. முன்னோரை அன்றிரவு காத்த ஆட்டுக்குட்டியின் இடத்தில் இயேசுவையே வைத்து நினைப்பது அவர்கள் சமயத்தின் நடுநாடி.

இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், அவரே கடவுள் வாக்களித்த மெசியா என்று அவருடைய சீடர்கள் சாற்றினார்கள். மெசியா என்பதன் கிரேக்கச் சொல்தான் கிறிஸ்து. மற்ற யூதர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மெசியா வந்தால் உலகில் நீதியும் அமைதியும் நிலைபெற வேண்டுமே, இன்னும் காணோமே என்றார்கள். வேறுபாடு இங்கேதான் முளைத்தது. ஆயினும் முதற் கிறிஸ்தவர்கள் அனைவரும் யூதர்களே. அவர்கள் ஆலயத்துக்கும் போய்த் தொழுதார்கள். ஏறத்தாழ கி.பி. 49ஆம் ஆண்டில் எருசலேமில் கூடிய தலைவர்கள், வேற்றினத்தார் யூதராக மாறாமலே சபையில் சேரலாம் என்று முடிவு செய்தார்கள். அதன்பின் சபையில் வேற்றினத்தார் பெருகினார்கள்.

ஏழை காத்திருந்த பந்தி

புதிய சபை கூடியதும் வீடுகளில்தான். செய்ததும் சேர்ந்து உண்பதுதான். ஆனால் அங்கும் ஒரு தொல்லை தலைகாட்டியது. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் வசதி படைத்தவர்கள் முன்னதாகவே வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே உண்டு குடித்து விடுவார்கள். ஏழைகள் பசியோடு நிற்பார்கள். செய்தி எட்டியதும் பவுல் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அது கி.பி. 55ஐ ஒட்டிய காலம். உண்ணவும் குடிக்கவும் உங்களுக்கு வீடு இல்லையா, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே, இது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்பது அதன் சாரம். இயேசுவின் கடைசி இராவுணவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்தும் இந்தக் கடிதத்திலேயே வருகிறது. நான்கு நற்செய்தி நூல்களும் அதற்குப் பின் எழுதப்பட்டவை. ஆகவே அந்த உணவைப் பற்றிய முதல் எழுத்தே ஏழைக்குப் பந்தியில் இடம் கேட்டு எழுதிய எழுத்து எனலாம்.

மற்றொரு சான்று வேறு பக்கத்திலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ கி.பி. 112ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் வட பகுதியை ஆண்ட பிளினி என்ற ரோம அதிகாரி, டிராஜன் பேரரசனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதினான். குறித்த ஒரு நாளில் அவர்கள் விடியும் முன் கூடிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, பொய் சொல்வதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள். பிறகு கலைந்துபோய், மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள் என்றான். மேலும் உண்மையை அறிய அவன் இரண்டு பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தான். அவர்கள் சபையில் பணிவிடைப் பொறுப்பு வகித்தவர்கள், வெளியிலோ அடிமைகள். ஊராருக்கு அடிமையானவள் அந்தப் பந்தியில் பொறுப்பாளி என்பதற்குப் பகைவன் எழுதிய கடிதமே சாட்சி.

ஆலயம் போயிற்று, மேசை நின்றது

கி.பி. 66ஆம் ஆண்டில் யூதர்கள் ரோமாபுரியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். கி.பி. 70ஆம் ஆண்டில் டைட்டஸ் என்ற தளபதி எருசலேமைப் பிடித்து ஆலயத்தைத் தீக்கிரையாக்கினான். ஆலயத்தின் ஏழு கிளை விளக்குத்தண்டை வீரர்கள் தூக்கிச் செல்லும் சிற்பத்தை, ரோம் நகரில் உள்ள டைட்டஸ் வளைவில் இன்றும் காணலாம்.

ஆலயம் இல்லை என்றால் பலி இல்லை. பலி இல்லை என்றால் பாஸ்கா ஆட்டுக்குட்டி இல்லை. அத்தோடு அந்தச் சமயமே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. யோகனான் பென் சக்காய் என்ற அறிஞர் யப்னே என்ற சிற்றூரில் மாணவர்களைத் திரட்டிப் பாடம் சொல்லத் தொடங்கினார். ரபிகள் எனப்படும் ஆசான்கள், ஆலயத்தில் நடந்ததை வீட்டுக்கும் தொழுகைக் கூடத்துக்கும் மாற்றினார்கள். வீட்டு மேசையே பீடம் ஆயிற்று. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் பாஸ்கா இரவின் ஒழுங்கு எழுதப்பட்டிருக்கிறது. செடேர் என்று அதற்குப் பெயர். செடேர் என்றால் ஒழுங்கு என்றே பொருள்.

விழாவுக்கு முன் புளித்த மாவுப் பண்டம் ஒரு துணுக்கும் இல்லாதபடி வீட்டைத் துப்புரவு செய்ய வேண்டும். தாய்மார்களுக்கு அது பெரும் வேலை. முந்திய இரவில் பிள்ளைகளும் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். அப்பத்துக்கான மாவில் தண்ணீர் பட்டதும் 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் புளித்ததாகக் கணக்கு.

மேசைமேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. கசப்புக் கீரை, அடிமை வாழ்வின் கசப்பு. உப்புத் தண்ணீர், சிந்திய கண்ணீர். பழத்தையும் கொட்டைகளையும் அரைத்துக் குழைத்த பண்டம், செங்கல்லுக்குப் பூசிய சாந்து. வெந்த எலும்பு, அன்றைய ஆட்டுக்குட்டி. சொல்லிக் கொடுப்பதைக் காது மறந்தாலும் நாக்கு மறக்காது அல்லவா?

மிஷ்னா சொல்லும் விதிகளில் ஒன்று நெஞ்சைத் தொடுவது. இஸ்ரேலில் மிக ஏழையானவனும் அந்த இரவில் சாய்ந்து உட்காராமல் உண்ணக் கூடாது. அக்காலத்தில் சாய்ந்து உண்பது சுதந்திர மனிதர்களின் வழக்கம். அடிமைகள் நின்று பரிமாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு கிண்ணம் திராட்சை ரசம் கிடைக்க வேண்டும்; ஏழைகளுக்கான தருமக் கலத்திலிருந்து எடுத்தாவது கொடுக்க வேண்டும். ஆண்டு முழுதும் பிறருக்குக் குனிந்து வேலை செய்தவன், ஓர் இரவாவது நிமிர்ந்த மனிதனாக உட்கார வேண்டும். அது அவன் விருப்பம் அன்று, அவன் கடமை. பந்தி தொடங்கும்போது, பசித்தவர் யாராயினும் வந்து உண்ணுங்கள் என்று வீட்டுக்காரர் அழைப்பு விடுப்பதும் வழக்கம்.

இத்தனைக்கும் நடுவே இருப்பது ஒரு குழந்தையின் கேள்வி. வீட்டில் உள்ள இளைய பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளுக்கும் இந்த இரவுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்க வேண்டும். அதற்கு விடையாகத்தான் பெரியவர் கதையைத் தொடங்குவார். கேட்கத் தெரியாத பிள்ளைக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்பாள். தன்னந்தனியாக இருப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருப்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓர் அப்பத் துண்டை ஒளித்து வைத்து, கண்டெடுத்துத் தருபவருக்குப் பரிசு கொடுப்பார்கள். சொல்லுகிறவரும் பழங்கதை போலச் சொல்லலாகாது. ஒவ்வொரு தலைமுறையினரும், தாமே எகிப்திலிருந்து வெளியே வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

மற்றொன்றையும் கூறவேண்டும். பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, கிண்ணத்திலிருந்து பத்துத் துளி ரசத்தைச் சிந்திவிடுவார்கள். நம் விடுதலைக்காக எகிப்தியர் துன்பப்பட்டார்களே, அந்த அளவு நம் மகிழ்ச்சி குறையட்டும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

பிரிந்த நாள்கள், வளர்ந்த பகை

கிறிஸ்தவர்களும் பாஸ்காவை மறந்துவிடவில்லை. நாம் ஈஸ்டர் என்று சொல்லும் உயிர்ப்புத் திருநாளுக்குக் கிரேக்க மொழியில் பாஸ்கா என்றே பெயர். மலாய் மொழியிலும் பாஸ்கா என்றே சொல்கிறார்கள். ஆசியா மைனர் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் யூதர்களின் நாளிலேயே அதைக் கொண்டாடினார்கள். ரோமாபுரியில் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடினார்கள். ஏறத்தாழ கி.பி. 155ஆம் ஆண்டில் போலிகார்ப்பு என்ற முதியவர் ரோமாபுரி போய், அங்குள்ள தலைவர் அனிசேட்டசுடன் இதைப் பற்றிப் பேசினார். இருவரும் தத்தம் வழக்கத்தை விடவில்லை. ஆயினும் ஒன்றாக வழிபட்டுச் சமாதானமாகவே பிரிந்தார்கள். கருத்து வேறுபட்டாலும் கைகூப்பிப் பிரியலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கி.பி. 325ஆம் ஆண்டில் நிசேயா நகரில் கூடிய பேரவை, யூதர்களின் கணக்கை நம்பியிராமல் ஈஸ்டர் நாளைத் தனியே குறிக்க முடிவு செய்தது. நாள் பிரிந்தது, மனமும் பிரிந்தது.

பின்னாளில் அந்தப் பிரிவு விஷமாக மாறியது. 1144ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு சிறுவன் இறந்து கிடந்தான். யூதர்கள்தாம் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பழி கிளம்பியது. கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பாஸ்கா அப்பத்தில் கலக்கிறார்கள் என்ற பொய்யாக அது வளர்ந்து, ஐரோப்பா எங்கும் பரவிப் பல உயிர்களைக் குடித்தது. இரத்தத்தை உண்பதையே தோரா தடுத்திருக்கிறது. இறைச்சியில் உள்ள இரத்தத்தைக்கூட உப்பிட்டுப் போக்கிய பின்னரே சமைக்கிறவர்கள் மீது இப்படி ஒரு பழி! 1247ஆம் ஆண்டில் போப் நான்காம் இன்னசென்டு அதைக் கண்டித்தார். ஆயினும் பொய் சாகவில்லை. இயேசுவின் மரணத்துக்கு யூத இனம் முழுவதையும் குற்றவாளியாக்கலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி அறிவித்தது 1965ஆம் ஆண்டில்தான். ஒரே பந்தியில் எழுந்தவர்கள், அந்தப் பந்தியின் பெயராலேயே பழி சுமத்தியது சரித்திரத்தின் பெருந்துயரம்.

முதலாளிகள் அஞ்சிய கதை

இந்தக் கதையின் வலிமை எவ்வளவு என்பதை அதைக் கண்டு அஞ்சியவர்களிடமிருந்து அறியலாம். 1807ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு பைபிள் அச்சாயிற்று. ஆங்கிலேயர் ஆண்ட மேற்கிந்தியத் தீவுகளில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கென்று தனியே தயாரித்தது அது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறிய கதை வெட்டப்பட்டிருந்தது. வேலைக்காரர்கள் எசமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது. கரும்புத் தோட்டத்து அடிமை மோசேயின் கதையைப் படித்தால் என்ன நினைப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஏட்டிலிருந்து வெட்டியதை வாயிலிருந்து வெட்ட முடியுமா? அமெரிக்கப் பண்ணைகளில் எழுத்தறியாத அடிமைகளும் மோசேயின் கதையை வாய்வழியாகவே அறிந்து, தங்கள் கதையாகப் பாடினார்கள். 1849ஆம் ஆண்டில் மேரிலாந்திலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன் என்ற பெண், மீண்டும் மீண்டும் திரும்பிப் போய் ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் மோசே.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், போலந்தின் வார்சா நகரில் அடைபட்டிருந்த யூதர்களை முற்றாக அழிக்க நாஜிப் படை நுழைந்தது. அன்று மாலை பாஸ்கா. கையில் கிடைத்த சில ஆயுதங்களோடு இளைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த இரவிலும், குண்டுச் சத்தத்துக்கு நடுவே, பாஸ்கா ஒழுங்கை நடத்தியவர்கள் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்பர்களே, ஆலயம் அழிந்தும் அந்த மக்கள் அழியாததற்குக் காரணம் படையோ பணமோ அன்று. ஒரு மேசை, கொஞ்சம் அப்பம், ஒரு குழந்தையின் கேள்வி, மறைக்காமல் விடை சொல்லும் ஒரு பெரியவர், இவையே காரணம். பாட்டன் செங்கல் சுமந்ததைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. சுமக்கவைத்தவனுக்குத்தான் அது வெட்கம் என்று கண்டுகொண்டார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் என்றாவது ஓர் இரவு, நம் தாத்தா பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்று கேட்கும். அப்போது, போய்ப் பாடத்தைப் படி என்று அனுப்பிவிடாதீர்கள். அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பாடம்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.